பிள்ளை வளர்ச்சி: எதற்குப் பொறுக்கலாம், எதற்குப் பொறுக்கக் கூடாது?

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்போம். தாய்மார்கள் மனதில் கிடப்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். "சிஸ்டர், பக்கத்து வீட்டுப் பாப்பா பிடிச்சு நிக்குது, நம்ம தம்பி இன்னும் தவழவே இல்ல" என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், வரிசையாகக் கேட்பார்கள். கிராம சுகாதார செவிலியராக 20 வருடத்துக்கு மேல் நான் கேட்டு வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் "பொறுங்கள், தானாக வரும்." சிலவற்றுக்கு "இந்த வாரமே காட்டுங்கள்." இரண்டையும் மாற்றிப் புரிந்துகொள்ளும் வீடுகளில்தான் பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள்.

என் குழந்தைக்கு 8 மாதம், எடை 7 கிலோ. இது சரியா?

எடையை மட்டும் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது. பிறந்தபோது எவ்வளவு, போன மாதம் எவ்வளவு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் என் தராசில் ஏறிய இரண்டு பெண் குழந்தைகளைச் சொல்கிறேன். இரண்டுக்கும் 8 மாதம், இரண்டும் 7 கிலோ. முதல் குழந்தை பிறந்தபோது 2.2 கிலோ. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இங்கே வந்திருக்கிறாள். அட்டையில் அவளுடைய புள்ளிகளைச் சேர்த்தால் கோடு மேல்நோக்கிப் போகிறது. இரண்டாவது குழந்தை பிறந்தபோதே 3.4 கிலோ. ஐந்தாவது மாதமே 7 கிலோவைத் தொட்டுவிட்டாள், அதற்குப் பிறகு மூன்று மாதமாக நகரவில்லை. கோடு படுத்துவிட்டது. பார்வைக்கு இரண்டாமவள்தான் கொழுகொழு என்று இருந்தாள். ஆனாலும் அவளைத்தான் நான் டாக்டரிடம் அனுப்பினேன்.

பிறந்த முதல் வாரத்தில் எடை 10 சதவீதம் வரை குறையலாம், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். சுமார் 5 மாதத்தில் இரு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகும். 8 மாதத்தில் நடுத்தர எடை பெண் குழந்தைக்கு 7.9 கிலோ, ஆண் குழந்தைக்கு 8.6 கிலோ. அதற்காக எல்லாக் குழந்தையும் அந்த எடையில் இருக்க வேண்டும் என்றில்லை. பாதிப் பேர் அதற்குக் கீழே இருப்பதால்தான் அது நடுத்தரம்.

தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடு போட இடம் இருக்கிறது. தடுப்பூசிப் பக்கத்தைப் பத்திரமாகப் பார்க்கிற பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போடும்போது "புள்ளி வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் தராசு ஒவ்வொரு எடை காட்டுகிறதே?

காட்டத்தான் செய்யும். நனைந்த டயபர், கால் கொலுசு, கனமான கவுன் எல்லாம் சேர்ந்து கால் கிலோ வரை ஏமாற்றிவிடும். முடிந்தவரை ஒரே தராசில், குறைந்த உடுப்போடு போடுங்கள். உயரத்தை 2 வயது வரை படுக்க வைத்து அளக்க வேண்டும், அதன்பிறகு நிற்க வைத்து. அதே பிள்ளையை நிற்க வைத்து அளந்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகத் தெரியும். "போன தடவையைவிட உயரம் குறைஞ்சிடுச்சே" என்று ஒரு பாட்டி அழுதே விட்டார். அளந்த விதம்தான் மாறியிருந்தது.

இந்த அளவுகளெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்டதுதானே? நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள்தான் இப்போது நம் அட்டையில் இருப்பவை. அவற்றுக்காக 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளோடு இந்தியாவும் அதில் உண்டு. தெற்கு டெல்லிக் குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். தாய்ப்பால் குடித்து, புகை பிடிக்காத தாயிடம், வசதியான சூழலில் வளர்ந்த பிள்ளைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் முதல் ஐந்து வருடம் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கிறார்கள் என்று தெரிந்தது. "நம்ம ஊர்ப் பிள்ளைங்க இப்படித்தான் சின்னதா இருக்கும்" என்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தது. சத்துக்குறைவும் அடிக்கடி வரும் நோயும் செய்கிற வேலையை நம் இனத்தின் மேல் போட்டுவிடக் கூடாது.

ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டான். இப்போது வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறான்.

முதல் வருடத்தில் பிள்ளை சுமார் 6 கிலோ ஏறுகிறது. இரண்டாவது வருடத்தில் ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. உடம்பு தனக்கு வேண்டியதைத்தான் கேட்கிறது. துரத்தித் துரத்தி ஊட்டுவதும், போனைக் காட்டி அவன் அசந்த நேரத்தில் வாயில் திணிப்பதும் வேண்டாம். சாப்பாட்டைக் கண்டாலே ஓடும் பிள்ளையை அப்படித்தான் உருவாக்குகிறோம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சோறு இறங்கவில்லை என்ற பதற்றத்தில் பாலாவது குடிக்கட்டும் என்று ஒரு நாளைக்கு ஐந்து பாட்டில் கொடுப்பார்கள். பால் வயிற்றை நிரப்பிவிடும், ஆனால் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பிள்ளை பார்க்க உப்பலாக, உள்ளங்கை வெளுத்து, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு இருக்கும். மண், சுவர்ச் சுண்ணாம்பு எல்லாம் தின்ன ஆரம்பித்தால் ரத்தசோகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். முட்டை, ஈரல், மீன், பயறு, கீரை என்று கைப்பிடி அளவாவது போகட்டும். முருங்கைக்கீரைச் சாதத்தில் எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். நாங்கள் தரும் இரும்புச்சத்து சிரப்பை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டுமில்லை, வளரும் மூளைக்கும் வேண்டும்.

நானும் அவரும் குள்ளம். பிள்ளைக்கு உயரம் வருமா? பவுடர் ஏதாவது கொடுக்கலாமா?

உயரத்தைக் கணிக்க ஒரு கணக்கு உண்டு. அப்பா, அம்மா இருவர் உயரத்தையும் செ.மீ.யில் கூட்டுங்கள். ஆண் பிள்ளை என்றால் 13 சேர்த்து, பெண் பிள்ளை என்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அதற்கு ஒரு 8 செ.மீ. மேலோ கீழோதான் பெரும்பாலும் வந்து நிற்பார்கள். பவுடரால் இந்தக் கணக்கு மாறாது. 4 வயதுக்குப் பிறகு, பருவமடையும் வரை, வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. வளர்ந்தால் சரி. வருடத்துக்கு 4 செ.மீ.கூட ஏறாத பிள்ளையை, பெற்றோர் குள்ளமோ நெட்டையோ, டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறைபாடு போன்ற, சரிசெய்யக் கூடிய காரணங்கள் இருக்கலாம்.

தலை நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் எந்தெந்த மாதத்தில் வர வேண்டும்?

நம் மொழியில் இந்தக் கேள்வி பழையது. பிள்ளைத்தமிழில் வரும் பத்துப் பருவங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை, ஐந்தாம் மாதம் ஒட்டி. கை கொட்டுவது சப்பாணி, ஒன்பதாம் மாதம் ஒட்டி. தளர்நடை போட்டு வா என்று அழைப்பது வருகை, ஒரு வயது ஒட்டி. மாதக் கணக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், வரிசை மாறாது. இன்றைக்கு நாங்கள் தடுப்பூசி அறையில் பார்ப்பதும் அதே வரிசைதான்.

மாதத்தைத் தேதி மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அதே ஆய்வில் நன்றாக வளர்ந்த பிள்ளைகள் பிடிக்காமல் உட்கார்ந்தது 3.8 மாதம் முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நடந்தது 8.2 மாதம் முதல் 17.6 மாதத்துக்குள். 9 மாதத்தில் நடந்த பிள்ளைக்கும் 17 மாதத்தில் நடந்த பிள்ளைக்கும் இடையே எட்டு மாதம் இருக்கிறது, இரண்டுமே நல்ல பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பாப்பாவைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

ஆனால் இடைவெளிக்கு ஒரு கடைசி ஓரம் உண்டு. அதைத் தாண்டினால் பொறுக்கக் கூடாது. 3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 5 மாதமாகியும் தலை நிற்கவில்லை, 9 மாதம் முடிந்தும் உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றக் கையை மடக்கியே வைத்திருந்தாலும் அப்படித்தான். "இடது கைப் பழக்கம்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த வயதில் கைப் பழக்கம் வராது.

திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான ஒரு சோதனை அட்டை இருக்கிறது. 2 வயது வரைக்குமானது, மொத்தம் 17 செயல்கள். பிள்ளையின் வயதின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைப்போம். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன செயல் ஏதாவது பிள்ளைக்கு வரவில்லை என்றால் மேலே அனுப்புவோம். ஐந்து நிமிட வேலை.

தவழாமலே எழுந்து நிற்கிறான். ஏதாவது குறையா?

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த ஆய்வில் 100க்கு 4 பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. சிலது உட்கார்ந்தபடியே நகரும், சிலது உருண்டே அடுப்படி வரை போகும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2022இல் தன் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டது.

வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். சக்கரம் வைத்து நடுவில் உட்கார வைக்கும் அந்த வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. பிள்ளை நுனிக்காலால் தள்ளிக்கொண்டு போகிறது, சொந்தக் காலில் நிற்கப் பழகுவதில்லை. வாசல்படியில் உருண்டதையும், சுடுதண்ணீர் இழுத்துக் கொட்டிக்கொண்டதையும் நானே பார்த்திருக்கிறேன். கனடாவில் 2004 முதல் இதை விற்கவே தடை. நம் மரத்து நடைவண்டி வேறு வகை. பிள்ளை தானாக எழுந்து, பிடித்து நின்று, தன் காலில் தள்ளுகிறது. பிடித்து நிற்க ஆரம்பித்த பிள்ளைக்கு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது தாராளமாகக் கொடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்தவள். எந்த வயதை வைத்துப் பார்ப்பது?

32 வாரத்தில் பிறந்தால் 8 வாரம், அதாவது 2 மாதம் முந்திவிட்டாள். இப்போது 6 மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்க அவளுக்கு 4 மாதம் என்று வையுங்கள். 2 வயது வரை இந்தக் கழித்தல் உண்டு. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும்.

2 வயதாகிறது, "அம்மா", "தாத்தா" தவிர எதுவும் பேசவில்லை. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்கிறார்களே?

இந்த ஒரு வாக்கியத்தால் வீணாகும் மாதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசுனாரு" என்று மாமியார் சொல்வார். பெண் பிள்ளைகள் ஒன்றிரண்டு மாதம் முந்துவது உண்மைதான். ஒரு வருடம் பொறுக்க அது காரணமாகாது.

9 மாதத்தில் "பபபபா" என்று ஓசை வர வேண்டும். ஒரு வயது ஒட்டி அர்த்தத்தோடு ஒரு சொல். ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூட இல்லை என்றாலோ, 2 வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்கவில்லை என்றாலோ காட்ட வேண்டும். சொல்வது புரிகிறதா என்பது இன்னும் முக்கியம். கண்ணால் ஜாடை காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள்.

நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சே வராமல் போகாது, சில எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம், அவ்வளவுதான். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதால் பேச்சு வராது, அதை வாயில் கொடுப்பதும் நல்லதல்ல. வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் பேச்சு நின்றுவிடாது. முதலில் பார்க்க வேண்டியது காதை.

காது கேட்கிறது சிஸ்டர், தட்டைக் கீழே போட்டால் திரும்பிப் பார்க்கிறான்.

ஒன்றரை வயதுப் பையனை அப்படித்தான் கூட்டி வந்தார்கள். "3 வயசு வரைக்கும் பாருங்க" என்று வெளியே யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். சில்வர் தட்டைத் தரையில் போட்டுக் காட்டினார் அப்பா. பையன் திரும்பினான். நான் அவனைப் பாட்டி மடியில் உட்கார வைத்து, முன்னால் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டேன். நிழல் விழாமல், தரை அதிராமல், வீட்டில் கூப்பிடும் பெயரை மெதுவாகச் சொன்னேன். பொம்மையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தான். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். பாட்டி திரும்பினார், அவன் திரும்பவில்லை. தட்டு விழுந்தபோது அவனைத் திருப்பியது தரையின் அதிர்வும் அப்பாவின் கை அசைவும்தான்.

காது கேளாத குழந்தையும் நாலைந்து மாதம் வரை "ங்கா" சொல்லும், சிரிக்கும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. பிறந்த ஒரு மாதத்துக்குள் காது சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பம் என்பதுதான் கணக்கு. சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகள், குறைமாதத்தில் அல்லது கடும் மஞ்சள் காமாலையோடு பிறந்தவர்கள், மூளைக் காய்ச்சல் வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உண்டு. ஆனால் ஒவ்வொரு மாதத் தாமதமும் பேச்சில் தெரியும். அந்தப் பையன் இப்போது பயிற்சிக்குப் போகிறான். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

காது நன்றாகக் கேட்கிறது, விளம்பரப் பாட்டு வந்தால் ஓடிவருகிறாள். பெயரைக் கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை.

இதை அலட்சியம் செய்யாதீர்கள். நிலாச் சோறு ஊட்டும்போது "அதோ பார் நிலா" என்று விரல் நீட்டுகிறோம். பிள்ளை முதலில் நம் விரலைப் பார்க்கும். பிறகு விரல் போகும் திசையில் பார்க்கும். பிறகு தானே விரல் நீட்டி, நிலாவைப் பார்த்துவிட்டு "நீ பார்த்தியா?" என்பது போல நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றைக் கண்டதை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்வது அது. அம்புலிப் பருவம் என்று நம் புலவர்கள் வைத்தது இந்த வயதைத்தான்.

ஒன்றரை வயதில் எதையும் சுட்டிக் காட்டவில்லை, முகம் பார்ப்பதில்லை, பெயருக்குத் திரும்புவதில்லை, பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்றால் ஆட்டிசத்துக்கான சோதனை செய்ய வேண்டும். சோதனை என்றாலே முத்திரை குத்துவது என்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். அந்தக் குறைக்கு டாக்டர் என்ன பெயர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பயிற்சியை உடனே ஆரம்பிக்கலாம்.

முன்பு பேசிய நாலு சொல்லும் இப்போது காணோம். மறுபடி வருமா?

வந்த திறமை எந்த வயதில் போனாலும், சொல்லோ சிரிப்போ நடையோ, ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே காட்டுங்கள்.

போன் காட்டலாமா?

2 வயதுக்குள் வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிவுரை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு வயதாகியும் பல் முளைக்கவில்லை. காலும் வில் மாதிரி வளைந்திருக்கிறது.

முதல் பல் பொதுவாக 6 மாதம் ஒட்டி வரும், 13 மாதம் வரையும் பொறுக்கலாம். பல் முளைப்பதால் வயிற்றுப்போக்கு வராது. கண்டதை வாயில் வைப்பதால் வருகிறது, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். கால் 2 வயது வரை வளைந்து இருப்பது இயல்பு, பிறகு முட்டி இடிக்கும், 7 வயதுக்குள் நேராகும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மணிக்கட்டு தடித்திருந்தால் வைட்டமின் டி குறைவா என்று பார்க்க வேண்டும். கையால் நீவி நேராக்க முடியாது.

சந்தேகம் வந்தால் முதலில் எங்கே போவது?

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும். பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் நான்கையும் பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் வழியாக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். பேச்சுப் பயிற்சி, இயன்முறை, காது சோதனை ஒரே கூரையின் கீழ் கிடைக்கும், செலவில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

டாக்டர் அறைக்குள் போனதும் பிள்ளை எதுவும் செய்வதில்லை. "வீட்ல நல்லா செய்வான்" என்றால் நம்புவார்களா?

வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் உறைந்துபோகாத பிள்ளை குறைவு. அதனால் போகுமுன் வீட்டில் இரண்டு மூன்று வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒன்று, விளையாடும்போது ஒன்று, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். தாய் சேய் நல அட்டை, பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் பையில் வையுங்கள். பிள்ளையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் பாட்டியையும் கூட்டிப் போங்கள்.